மூன்றாம் இணைப்பு

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் வெர்ன் ஸ்கெல்லி தன் படகுத்துறையிலிருந்து ஒரு அகலப் பலகையை எடுத்துக் கொட்டகையில் ஒளித்துவைப்பான். மற்ற நாட்களில் அது துறையின் நடுவில் இருந்த ஓட்டையின் மேல் கிடக்கும்.

அந்த ஓட்டையை மூடக் கூடாது. அது இரண்டு பலகைகள் இல்லாத இடம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹெஸ்டர் மால்பாஸ் எழுதிய 'ஈரத் துடுப்பு' நாவலின் கடைசிப் பக்கத்தில், நோரா என்ற பெண் அந்த இடைவெளியைத் தாண்டிப் படகில் இறங்கி, காணாமல்போன தம்பியைத் தேடிப் பனிமூட்டத்துக்குள் போகிறாள். நாவல் அங்கே முடிகிறது. நோரா திரும்பினாளா என்பதை இரண்டாம் பாகத்தில் சொல்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். இரண்டாம் பாகம் வரவில்லை.

வாசகர்கள் காத்திருந்தார்கள். மெர்ரோ முனை நகரசபை அந்தக் காத்திருப்பை ஒழுங்குபடுத்தியது. தொடர்ச்சி ஆயத்தக் குழு என்று ஒன்றை நியமித்தது. குழுவின் ஒன்பதாம் விதி இது: நாவலில் வரும் எந்த இடத்தையும் பொருளையும், இரண்டாம் பாகத்தின் கைப்பிரதி குழுவின் முன் வைக்கப்படும் நாள் வரை, யாரும் மாற்றக் கூடாது. ஆசிரியர் மறுபடி எழுத உட்காரும்போது ஊர் அவர் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

அதனால் மதுக்கடைக் கடிகாரம் நான்கு இருபதில் நின்றது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க முயன்ற ஒருவருக்குக் கடையில் நுழைய மூன்று மாதத் தடை விதித்தார்கள். ரொட்டிக்கடையில் சிப்பி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தில் கறித்தூள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நாவலில் அப்படித்தான் இருந்தது. தபால் நிலைய வாசலில் மூன்று கால் நாய் ஒன்று படுத்திருக்கும். நாவலில் வந்த நாய் எப்போதோ செத்துவிட்டது. இப்போது இருப்பது நான்காவது. பொருத்தமான நாயைத் தேடி மெல்போர்ன் வரை போய்வர வேண்டியிருந்தது.

வெர்ன் அந்த நாவலைப் படித்ததில்லை. கடைசிப் பக்கம் மட்டும் தெரியும். அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அவன் துறையிலேயே திருகி வைத்திருந்தார்கள். படித்தவள் அவன் மனைவி மேவிஸ். ஒவ்வொரு குளிர்காலமும் படிப்பாள். முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, "எங்கதான் போனா இவ," என்பாள். வெர்ன் சிங்கறால் கூண்டைப் பின்னிக்கொண்டே, வந்துவிடுவாள் என்பான்.

அவர்கள் வீடு குடாவின் அக்கரையில் இருந்தது. அந்தப் பக்கம் சாலை இல்லை. வீட்டுக்குப் போக அந்தத் துறையை விட்டால் வேறு வழியும் இல்லை. மார்ச் மாத முதல் செவ்வாயன்று வெர்ன் வழக்கம்போலப் பலகையை எடுத்துவைத்தான். மாதாமாதம் ஓட்டையைப் பார்க்க வரும் குழுவின் பரிசோதகர் வந்து அளந்துவிட்டுப் போனார். பலகையைத் திரும்பப் போட மறந்து வெர்ன் கூண்டுகளைப் பார்க்கப் போய்விட்டான். மேவிஸ் இரண்டு கையிலும் சாமான் பையுடன் படகிலிருந்து ஏறி, எப்போதும் பலகை இருக்கும் இடத்தில் கால் வைத்தாள்.

இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஒன்பது வாரம் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மே மாத முதல் திங்களன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மேவிஸ் இனி சக்கர நாற்காலியில்தான் இருப்பார் என்றாள். வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்பேன், துறையில் ஓட்டை இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், நகரசபையின் அனுமதிக் கடிதமும் வேண்டும் என்றாள். இல்லையென்றால் ஹோபார்ட்டிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மேல் அந்தக் கட்டிலைப் பிடித்துவைக்க முடியாது. அவள் கடுமையாகப் பேசவில்லை. அதனாலேயே வெர்னுக்குப் பயமாக இருந்தது.

பிறகு போனை மேவிஸிடம் கொடுத்தாள்.

"அந்த இல்லத்துல ஜன்னல் கார் நிறுத்துற பக்கம் இருக்காம்," என்றாள் மேவிஸ். "ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்."

மறுநாள் செவ்வாய். பரிசோதகர் லெஸ் டன்கர்லி வந்தார். நல்ல மனிதர். முட்டிக்கால் வலியோடு குனிந்து ஓட்டையை இரண்டு முறை அளந்தார். இருபத்தொன்பது சென்டிமீட்டர். குறித்துக்கொண்டார்.

வெர்ன் விஷயத்தைச் சொன்னான். லெஸ் தொப்பியைக் கழற்றிக் கேட்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, வெர்ன். மேவிஸ் விழுந்தத மார்ச் அறிக்கையிலயே எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"இடைவெளிக்குச் சேதம் எதுவும் இல்லன்னு."

வெர்ன் தண்ணீரைப் பார்த்தான். விண்ணப்பம் போட்டால் என்ன என்று கேட்டான். போடலாம் என்றார் லெஸ். இருபத்தெட்டு நாளுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். அதோடு விண்ணப்பித்த யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

"நானே ரெண்டு பலகைய அடிச்சுட்டா?"

"நான் கடப்பாரையோட வரணும். வரவைக்காத, வெர்ன். எனக்கு முட்டி சரியில்ல." லெஸ் துறையின் முனையில் நின்று கொஞ்சம் யோசித்தார். "ஒரே வழிதான். அவங்க ரெண்டாவது பாகத்த எழுதி முடிக்கணும். முடிச்சுக் குழு முன்னாடி வச்சா அன்னைக்கே தடை போயிடும்."

"நாளைக்குத்தான கூட்டம்."

"ஆமா. பத்தரைக்கு."

லெஸ் போன பிறகு வெர்ன் பலகையைத் திரும்பப் போட்டான். இந்த முறை மறக்கவில்லை. கூண்டிலிருந்து பெரிய சிங்கறாலாக ஒன்றை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றினான். ஹெஸ்டர் மால்பாஸ் வீட்டுக்கு ஊரில் யாரும் போவதில்லை. அதற்கும் விதி இருந்தது. எழுதுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஹெஸ்டருக்கு எழுபத்தெட்டு வயது. குப்பைமேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் தகரக்கூரை வீடு. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சிங்கறாலை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். மேவிஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெர்ன் சொன்னான். பிறகு கேட்டே விட்டான்.

"ரெண்டாவது புத்தகம் எப்ப முடியும்?"

ஹெஸ்டர் கோடாலியைக் கட்டையில் இறக்கினார். "நீ மொதல் புத்தகத்தப் படிச்சிருக்கியா?"

"இல்ல."

"நல்லது. படிச்சேன்னு சொல்றவங்களத்தான் என்னால தாங்க முடியல." அடுத்த கட்டையை நிறுத்தினார். "அது முடிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு."

வெர்ன் கட்டைக்குக் கிட்ட வந்தான். எங்கே என்று கேட்டான்.

குழுவுக்கு அனுப்பினேன் என்றார். பதிப்பாளருக்கு அனுப்பும் முன் ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தாராம். அவர்களைப் பற்றிய கதைதானே. ஒரே ஒரு பிரதி, கையால் எழுதியது. வரைவுத் தாள்களை அந்தக் குளிர்காலம் அடுப்பில் போட்டுவிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேயா?"

"நல்லா இல்லன்னா பதில் போட வேண்டாம், புரிஞ்சுக்குவேன்னு நான்தான் எழுதியிருந்தேன். போடல. புரிஞ்சுக்கிட்டேன்." கோடாலியை எடுத்தார். "மரியாதையான ஆளுங்க. இன்னிக்கும் கடைத்தெருவுல பாத்தா அந்தப் பேச்ச எடுக்க மாட்டாங்க. நீ போய்க் கிளறாத, வெர்ன். வயசான காலத்துல எனக்கு அது வேண்டாம்."

புதன்கிழமை பத்து மணிக்கு வெர்ன் நகரசபைக் கட்டிடத்தில் இருந்தான். குழுவின் செயலர் தெல்மா ஓட்ஸ் கூட்ட அறையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாகச் செயலர். அன்றைய குறிப்பேட்டில் பாதி ஏற்கெனவே எழுதியிருந்தது. வர இயலாமை தெரிவித்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் ஹெஸ்டர் மால்பாஸ் பெயர் இருந்தது. வெர்ன் அதைச் சுட்டிக்காட்டினான்.

"அவங்க சொன்னாங்களா?"

"பழைய செயலர் காலத்துலேருந்து இருக்கு," என்றார் தெல்மா. "போன மாசத்துலேருந்து எடுத்து எழுதுவேன். மூணு கூட்டம் சொல்லாம வராம இருந்தா குழு உறுப்பினர் பதவி போயிடும்ல. பாவம்."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய குறிப்பேடு வேண்டும் என்றான் வெர்ன். குறிப்பேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் தெல்மாவுக்கு அலமாரிச் சாவி கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது. வெர்ன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

ஆகஸ்ட் மாதக் கூட்டம். நாய்தான் முதல் விஷயம். இரண்டாவது நாய் இறந்திருந்தது. புதிய நாய்க்கு எந்தக் கால் இருக்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு. இரண்டு மணி நேரம். பதினொரு பக்கம். அதற்குக் கீழே நான்கு வரி.

உள்வந்த கடிதங்கள். ஹெஸ்டர் மால்பாஸிடமிருந்து, மூன்றாம் இணைப்பு, 412 பக்கம். வாசித்ததாகக் கொள்ளலாம் என்று ஹூபர்ட் க்ரீவ் முன்மொழிந்தார். ரோவீனா ப்ராட்பி வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

வெர்ன் அதை இரண்டு முறை படித்தான். "வாசித்ததாகக் கொள்ளலாம்னா?"

"எல்லா இணைப்பையும் அப்படித்தான் செய்வோம். ஒவ்வொண்ணா வாசிச்சா டீ ஆறிடும்."

"யாராவது வாசிச்சாங்களா?"

தெல்மா அவனைப் பார்த்தார். "நிறைவேறியிருக்கே," என்றார்.

பிறகு அவராகவே உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்து, பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். நண்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை வெர்ன் அறிவான். ஒருமுறை அவிழ்த்தால் மறுபடி அதே மாதிரி போட வராது. ஒன்பது வருடத் தூசி முடிச்சின் மடிப்புக்குள் அப்படியே இருந்தது. கயிற்றுக்கு அடியில் ஒரு உறை. உறையும் ஒட்டியபடியே இருந்தது.

தெல்மாவும் முடிச்சைப் பார்த்தார்.

"நான் எண் மட்டும் போட்டேன்," என்றார். "உள்ள என்னன்னு பாக்கறது என் வேலையில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெர்ன், முடிச்ச குழுக்காரங்க பாத்தா, வாசிக்கலன்னு ஆயிடும். தீர்மானம் செல்லாது. மறுபடி அனுப்பி, மறுபடி சுற்றுக்கு விட்டு, இருபத்தெட்டு நாள்."

பத்து இருபத்தைந்து. வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

குழுவில் நான்கு பேர். தலைவர் ரோவீனா ப்ராட்பி. இலக்கிய உறுப்பினர் ஹூபர்ட் க்ரீவ், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். பரிசோதகர் லெஸ். நான்காவது நாற்காலி ஹெஸ்டருடையது. அதன் முன்னால் ஒவ்வொரு மாதமும் ஒரு கோப்பைத் தேநீர் வைத்து எடுப்பார்கள்.

எழுதப்படாத பக்கங்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். வெர்னும் நின்றான். பொட்டலத்தை முடிச்சு உள்பக்கம் வரும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

தலைவர் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் குழு எதுவும் செய்யலன்னு சிலர் பேசறாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். ஒரு ஊர் முழுக்க எதுவும் நடக்காம பாத்துக்கறது சாதாரண வேலை இல்ல. ஒவ்வொரு நாளும் ஏதாவது நடக்கப் பாக்குது. கதவு துருப்பிடிக்குது. மரம் வளருது. போன மாசம் ஒருத்தர் செத்தே போனார், அத்தியாயம் ஆறுல வர்றவர். அத்தனையும் மீறி நாம தயாரா இருக்கோம். புத்தகம் வரும்போது, நாம அதுக்காகக் காத்திருந்தோம்னு யாரும் சந்தேகப்பட முடியாது."

ஹூபர்ட் மேசையைத் தட்டினார்.

சென்ற மாதக் குறிப்பு, வாசித்ததாகக் கொள்ளப்பட்டது. லெஸ்ஸின் அறிக்கை, வாசித்ததாகக் கொள்ளப்பட்டது. பிறகு பொதுமக்கள் கேள்வி நேரம். மூன்று நிமிடம். தலைவர் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

வெர்ன் எழுந்தான். மேவிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருந்தான். சொல்லவில்லை.

"என் துறையில இருக்கற தடைய எடுக்கணும்," என்றான். "கைப்பிரதி குழு முன்னாடி வந்தாச்சு."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தெல்மாவைப் பார்த்தான். தெல்மா பழைய குறிப்பேட்டைத் திறந்து, தலை நிமிராமல், நான்கு வரியையும் வாசித்தார். முன்மொழிந்தவர் பெயரையும் வழிமொழிந்தவர் பெயரையும் கொஞ்சம் நிதானமாக வாசித்தார்.

மணல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நான்கு வரிக்குப் பிறகு அவர்கள் முன் இரண்டு வழி இருந்தது. இருபத்திரண்டு வருடம் எதற்காகக் காத்திருந்தார்களோ அதைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டோம் என்று சொல்லலாம். அல்லது படித்தோம் என்று சொல்லலாம். தலைவர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"ஆமா," என்றார். "நாம எல்லாரும் வாசிச்சோம்."

"ஆழமா," என்றார் ஹூபர்ட்.

"அதப் பத்தி வெளிய பேசாம இருந்தோம். ஆசிரியர் மேல வச்சிருந்த மரியாதைக்காக."

"இந்த மாதிரி படைப்ப உடனே பேசிடக் கூடாது," என்றார் ஹூபர்ட். "உள்ள இறங்கணும். எனக்கு இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்கு. குறிப்பா அந்த மௌனம். சொல்லாம விட்ட இடங்கள்."

தலைவர் அதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார். தெல்மா ஏற்றினார். வெர்ன் மணலைப் பார்த்தான். பாதிக்கு மேல் போயிருந்தது. அப்போ தடை போயிற்றா என்று கேட்டான்.

லெஸ் தொண்டையைச் செருமினார். அவருக்கு விதிகள் மனப்பாடம். பத்தாம் விதி ஒன்று இருக்கிறது என்றார். கைப்பிரதி வந்த பிறகு, இடங்கள் இரண்டாம் பாகத்தில் எப்படி வருகின்றனவோ அப்படி மாற்றப்பட வேண்டும். துறை அதில் எப்படி வருகிறது?

லெஸ் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஹூபர்ட்டைப் பார்த்தார். ஹூபர்ட்டின் கண் மெதுவாக வந்து வெர்னின் நெஞ்சிலிருந்த பொட்டலத்தில் நின்றது.

"கொண்டாங்க," என்றார் கையை நீட்டி. "சரியான வாக்கியத்தப் பாத்துச் சொல்லிடறேன்."

கை மேசைக்கு மேலே இருந்தது. வெர்னின் விரலுக்கு அடியில் முடிச்சு இருந்தது. தெல்மாவின் பேனா நின்றுவிட்டது. வெர்னுக்குக் கார் நிறுத்தும் பக்கத்து ஜன்னல் ஞாபகம் வந்தது.

"ஒன்பது வருஷம் ஆச்சே," என்றான். "மறந்திருக்கும். தப்பில்ல."

கை நின்றது.

"மறக்கறதா?" என்றார் ஹூபர்ட். "அதையா?" கையை இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப உங்களுக்கே தெரியும். மொதல் பக்கம்." வெர்னுக்கு அவன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "துறைக்குப் புதுப் பலகை போட்டிருக்காங்க."

லெஸ் நிமிர்ந்தார். ஹூபர்ட் கூரையைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடினார். வெர்ன் காத்திருந்தான். அவன் அறுபத்தாறு வருடத்தில் சொன்ன பெரிய பொய் அது. அதற்கு முன் மீன்வளத்துறை ஆளிடம் நண்டின் அளவு பற்றிச் சொன்னதுதான்.

"ஆமா," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். "புதுப் பலகை. அந்த மர வாசனை எனக்கு இன்னும் அடிக்குது."

"ரெண்டு பக்கமும் கைப்பிடி," என்றான் வெர்ன்.

"கைப்பிடியா?" என்றார் லெஸ்.

"கைப்பிடிதான்யா நாவலே," என்றார் ஹூபர்ட். "மொதல் பாகத்துல அவ எதையும் பிடிக்காம தாண்டறா. ரெண்டாவதுல பிடிச்சுக்க ஒண்ணு இருக்கு. இதப் புரிஞ்சுக்கலன்னா எதையுமே புரிஞ்சுக்கல."

"புரிஞ்சுது," என்றார் லெஸ் அவசரமாக. "எனக்கும் அப்படித்தான் பட்டுது." எழுதிக்கொண்டார். அகலம் எவ்வளவு என்று கேட்டார். அவரும் வாசித்தவர் என்று ஆகிவிட்டதால், தயங்கிக் கேட்டார்.

"ஒரு மீட்டருக்கு மேல," என்றான் வெர்ன். "கூண்டு வண்டிய உருட்டிட்டுப் போற மாதிரி."

"அந்தக் கூண்டு வண்டி," என்றார் தலைவர், தலையை ஆட்டி.

பழைய மரம் கிடங்கில் இருக்கிறது, அதைப் போடலாமே என்று லெஸ் ஆரம்பித்தார். புதுப் பலகை என்று எழுதியிருக்கிறது என்றான் வெர்ன். தலைவர் லெஸ்ஸைக் கண்டிப்போடு பார்த்தார். மூலத்தை மீறக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் துறையை இரண்டாம் பாகத்துக்கு இணங்க மாற்றுமாறு வெர்ன் ஸ்கெல்லிக்கு ஆணையிடும் தீர்மானம் நிறைவேறியது. கடைசி மணல் விழுந்தது.

தெல்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த அறையில் அவர் ஒன்றைத் தானாகக் கேட்டது அதுவே முதல் முறை.

"ஆசிரியருக்குப் பதில் போடணுமா, தலைவர் அவர்களே?"

தலைவர் அன்றைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "அவங்க இன்னிக்கு வர முடியலன்னு சொல்லியிருக்காங்களே," என்றார். "வரும்போது பேசிக்கலாம்."

பிறகு தேநீர் வந்தது. அதற்குள் மூன்றாம் பாகத்துக்கான ஆயத்தக் குழு ஏகமனதாக நியமிக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் அதே நான்கு பேர். பொட்டலத்தை வெர்ன் எடுத்துப்போகலாமா என்று தெல்மா கேட்டார். தாராளமாக என்றார் தலைவர். வாசித்தாயிற்றே.

வியாழன் முழுக்க வெர்ன் ஆணி அடித்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பெண் வந்து காலிச் சக்கர நாற்காலியைத் துறையில் முன்னும் பின்னும் உருட்டினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அனுமதிக் கடிதத்தைக் கேட்டாள். ஆணையைக் கொடுத்தான். அதில் இரண்டாம் பாகம், மூலம், இணக்கம் என்றெல்லாம் இருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். நகரசபை முத்திரையைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் மேவிஸ் வந்தாள். வெர்ன் பின்னாலிருந்து தள்ளினான். புதுப் பலகைகள் மேல் சக்கரம் ஏறும்போது சத்தம் மாறியது.

"இங்கதான?" என்றாள்.

"இங்கதான்."

"அன்னைக்குப் பலகைய நீதான எடுத்த."

"நான்தான்."

அவள் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே வந்தாள். "நல்லாத்தான் அடிச்சிருக்க," என்றாள்.

பொட்டலத்தைச் சமையலறை மேசையில் அவள் முன்னால் வைத்தான். முடிச்சைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் கேட்டாள். நான்கு நாள் படித்துக்கொண்டே இருந்தாள். வெர்ன் தட்டை வைத்தான், எடுத்தான். அவள் ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இடையில் ஒரு நாள் லெஸ் வந்து, புதுத் துறையின் பலகைகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிவிட்டுப் போனார். ஆணிகளையும் எண்ணினார். மூன்றாம் பாகம் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார்.

நான்காம் நாள் மதியம் மேவிஸ் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"திரும்பினாளா?" என்றான் வெர்ன்.

"திரும்பினா." ஜன்னலைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள். "மொதல் புத்தகத்தவிட நல்லாருக்கு, வெர்ன். ரொம்ப."

"துறை வருதா?"

"வருது. மொதல் பக்கத்துலயே வருது." தாள்களைத் தட்டி நேராக்கினாள். "எரிஞ்சு போகுது."

வெர்ன் ஜன்னல் பக்கம் போனான். கைப்பிடியின் மேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

உறையிலிருந்த கடிதத்தையும் மேவிஸ் படித்திருந்தாள். அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஒரு தாளும் பேனாவும் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தான். அவள் நீளமாக எழுதவில்லை. மடித்து அவனிடம் நீட்டினாள்.

"ஹெஸ்டர் கைல குடு. தபால்ல போடாத. இன்னிக்கே போ."

வெர்ன் வாங்கிக்கொண்டான். போகவில்லை.

"இது அவங்க கைக்குப் போனா புத்தகம் அச்சாகி வந்துடும்," என்றான்.

"வரணும்."

"வந்தா குழுக்காரங்க பத்தாம் விதிய எடுத்துட்டு வருவாங்க. லெஸ் மண்ணெண்ணெயோட வந்து நிப்பாரு. தீ வைக்கத் தீர்மானம் போட்டு, முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு." கடிதம் அவன் கையில் லேசாக இருந்தது. "நீ மறுபடி ஹோபார்ட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மேவிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தாள்களைப் புரட்டி, முதல் பக்கத்தை மறுபடி மேலே வைத்தாள்.

"அதுக்கு அவங்க படிக்கணுமே, வெர்ன்," என்றாள்.

வெர்ன் தொப்பியை எடுத்தான்.